சுவரை மட்டும் கேட்டேன்

அது சுவர்க் கடிகாரம்தானே சார்? கலர்த்தாள் சுத்தியிருந்தா மட்டும் மறைஞ்சிடுமா, உருவமே காட்டிக் கொடுக்குது. காலங்காத்தால பட்டுக்கரை வேட்டி, மடியில வட்டமா ஒண்ணு, அதைச் சாய்க்காம நிமித்திப் புடிச்சிருக்கீங்க. யாரோ புது வீட்டுல பால் காய்ச்சுறாங்க. சரியா? இருபத்தாறு வருஷமா பஸ்ஸுலேயே பொழப்பு நடத்துற ஆளு சார் நான், மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன். நீங்க ஜன்னலோரமா நகந்து உக்காருங்க. இந்தப் பையை என் காலுக்கு நடுவுல வெச்சுக்கிறேன். உள்ள மெஷின் இருக்கு. டிரில்லிங் மெஷின்.

என் பேரு கலியமூர்த்தி. திருச்சியில வீடு. சுவர்ல ஓட்டை போடுற பிட்டு தயாரிக்கிற கம்பெனி ஒண்ணுல டெமோ காட்டுறவன். ஹார்டுவேர் கடை வாசல்ல நாலு செங்கல், ஒரு கான்கிரீட் கட்டை, ஒரு டைல்ஸ் துண்டு வெச்சுக்கிட்டு நிப்பேன். சுத்தி இருபது முப்பது எலக்ட்ரீசியன், பிளம்பர், கொத்தனார். அவங்களுக்கு டீ, போண்டா, கம்பெனி பேரு போட்ட ஒரு தொப்பி. போண்டா முடியுற வரைக்கும் நான் பேசுவேன். முடிஞ்ச பிறகும் பேசுவேன். இன்னிக்குக் கரூர்ல டெமோ.

இருங்க, கண்டக்டர் வராரு. டிக்கெட் எடுத்துட்டீங்களா? நல்லது.

இதோ பாருங்க, ஒரு பிட்டு. எல்லாம் இந்த பிளாஸ்டிக் டப்பாவுலதான் கெடக்கு. என் சாப்பாடும் இப்ப பிளாஸ்டிக் டப்பாதான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒண்ணு இருந்துச்சு, பத்து வருஷ சர்வீஸுக்காக கம்பெனியில கொடுத்தது, மூடியில 'ப. கலியமூர்த்தி'ன்னு பேரு வெட்டி. மூணு வருஷம் முன்னாடி காணாமப் போச்சு. துறையூர்ல ஒரு கடைக்காரர் எடுத்துட்டாருன்னு அவரோட பேச்சு வார்த்தையையே நிறுத்திட்டேன். அது பிறகு.

நுனியைப் பாருங்க. தண்டைவிட அகலமா ஒரு துண்டு பதிச்சிருக்காங்க. கார்பைடு, இரும்பைவிடக் கெட்டி. மத்த பிட்டு அறுக்கும், இது இடிச்சுப் பொடியாக்கும். அதனால சுவருக்கு மட்டும்தான். மரத்துல வெச்சா புகையும், இரும்புல வெச்சா நுனி போயிடும். செங்கல், கான்கிரீட்டுன்னா மெஷின்ல சுத்தியல் படம் போட்ட பக்கம் திருப்பிக்கணும், தட்டிக்கிட்டே சுத்தும். டைல்ஸுன்னா தட்டவே கூடாது, மேல டேப்பை ஒட்டிக்கிட்டு மெதுவா வெறும் சுத்து. எவ்வளவு ஆழம் வேணுமோ அந்த இடத்துல பிட்டுலேயே ஒரு டேப்பைச் சுத்திக்கணும். அமுக்கக் கூடாது, அமுக்குறவன் எல்லாம் அவசரக்காரன். அப்பப்ப வெளிய இழுத்துத் தூளைத் தள்ளணும். எறங்காம நின்னு போச்சுன்னா உள்ள கம்பி இருக்கு, அதோட மல்லுக்கட்டாம தள்ளிப் போடணும். போட்டு முடிச்ச கையோட பிட்டைத் தொடக் கூடாது, கொதிக்கும். தண்ணியிலயும் முக்கக் கூடாது, நுனி விரிசல் விடும். இந்தக் கட்டைவிரல்ல தழும்பு தெரியுதா? 'தொடாதீங்க'ன்னு முப்பது பேருக்குச் சொல்லிட்டு, சொன்ன வாய் மூடுறதுக்குள்ள நானே தொட்டது.

கடைசியா ஒண்ணு சொல்வேன். ஸ்விட்ச் போர்டுக்கும் குழாய்க்கும் நேர் மேல, நேர் கீழ பிட்டை வைக்காதே. வயரும் பைப்பும் அந்த வழியாத்தான் போகும். அதனால மெஷினைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி சுவரைக் கேளு. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிக் காட்டுவேன், காதை வெச்சுக் காட்டுவேன். கைத்தட்டு கிடைக்கும். இது என் சொந்தச் சரக்கு சார், கம்பெனி சொல்லிக் கொடுத்தது இல்ல.

என்னமோ சொல்ல வந்தீங்க? இருங்க, கதைக்கு வந்துடுறேன்.

சிந்துஜா என் ஒரே பொண்ணு. தில்லைநகர்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. அவளுக்கு மாப்பிள்ளை தேடி ரெண்டு வருஷம் அலைஞ்சேன். பதினேழு ஜாதகம் சேந்துச்சு. ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில வெச்சிருப்பேன். ஆச்சரியம் என்னன்னா, நான் எப்படி அடுக்கி வெச்சாலும் மறுநாள் எடுத்தா நந்தகுமார்ங்கிற பையன் ஜாதகம் மேல வந்து ஒக்காந்திருக்கும். கடவுள் சித்தம்னு நெனச்சேன். என் வீட்டுக்காரி மங்கைகிட்டச் சொன்னேன். அவளும் காய் நறுக்கிக்கிட்டே 'ஆமாங்க, கடவுள் சித்தம்தான்'னா. நான்தான் போன் போட்டேன், நான்தான் போய்ப் பேசினேன். பொருத்தம் ஒன்பது. பையனுக்கும் தில்லைநகர்லதான் ஆபீஸ், அதுவும் பக்கத்துத் தெரு. என்ன ஒரு ராசி பாருங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன்.

எல்லாம் சரியா வந்துச்சு, பையனோட அம்மா ஒருத்தங்களைத் தவிர. சுகந்தி அம்மா. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரு எடத்துக்குள்ள நுழைஞ்சா கண்ணாலேயே அட்டென்டன்ஸ் எடுப்பாங்க. காட்டூர்ல வீடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. 'வீடு பால் காய்ச்சட்டும். எங்க அத்தை சேலத்துலேர்ந்து வராங்க, அவங்களும் பொண்ணைப் பாக்கட்டும். அன்னிக்கே முடிவு சொல்லிடுறோம்'னாங்க. குடும்பத்தோட வரச் சொன்னாங்க. அதாவது அன்னிக்கு நாங்க ஒழுங்கா நடந்துக்கிட்டா கல்யாணம், இல்லாட்டி ஜாதகம் திரும்பி வந்துடும். மங்கை ராத்திரியே சொல்லிட்டா, 'அங்க வந்து கொஞ்சம் கம்மியாப் பேசுங்க.' நான் என்ன அதிகமாவா பேசுறேன்?

பேட்டவாய்த்தலை வந்துடுச்சு.

ஒன்பது மணிக்கு மேல பால் காய்ச்சுற நேரம். நான் எட்டுக்கே போயிட்டேன், கடிகாரத்தோட. போய்ப் பாத்தா மேஜை மேல எனக்கு முன்னாடி ஏழு கடிகாரம். பிள்ளையார் போட்டது, மயில் போட்டது, ஒண்ணு மணிக்கொரு தரம் குருவி மாதிரி கத்துமாம். நமக்குத் தெரியாதா சார்? ஒண்ணு சுவருக்குப் போகும், மிச்சம் பரணுக்குப் போகும், பரண்லேர்ந்து அடுத்தவங்க வீட்டுப் பால்காய்ப்புக்குப் போகும். நீங்க வெச்சிருக்கறதைச் சொல்லல, கோச்சுக்காதீங்க. எனக்கு ஒரு வைராக்கியம் வந்துடுச்சு. பால் பொங்குறப்ப கூட்டம் மொத்தமும் அடுப்புகிட்டத்தான் நிக்கும். அவங்க நிமிந்து பாத்தா என் கடிகாரம் ஓடணும். 'சம்பந்தி வீட்டுது'ன்னு நாலு பேர் சொல்லணும். அதுக்காகவே இந்தப் பையையும் தூக்கிட்டுப் போயிருந்தேன். பால் காய்ச்சுற வீட்டுக்கு யாராவது டிரில்லிங் மெஷின் கொண்டு போவாங்களா? மங்கை ஆட்டோவுல பையைப் பாத்தா, தலையில கை வெச்சுக்கிட்டா.

ஹாலுக்கும் சமையல் பக்கத்துக்கும் நடுவுல சுவர் கிடையாது, இப்ப எல்லாரும் அப்படித்தானே கட்டுறாங்க. அடுப்புக்கு நேர் எதுத்தாப்புல வெள்ளையா ஒரு சுவர். அதுக்குக் கீழ வாழைமரம் ஒண்ணு, சீர் வரிசைத் தட்டு, பழக்கூடை எல்லாம் அடைச்சு வெச்சிருந்தாங்க. அதுக்குப் பின்னாடி கை கழுவுற பேசின் வரப் போற எடம். பேசின் இன்னும் மாட்டல, குழாய் வாய்க்கு ஒரு மூடி மட்டும் போட்டு அடைச்சிருந்தாங்க. வாழை எலையை ஒரு விரலால விலக்கியிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் விலக்கல. ஆனா சுவரைத் தட்டினேன் சார். காதை வெச்சுக் கேட்டேன். கணீர்னு நல்ல செங்கல் சத்தம்.

'அப்பா, அங்க வேணாம்பா'ன்னு சிந்துஜா பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னா. 'இரும்மா, அப்பாவுக்குத் தெரியும்'னேன். மறுபடியும் வந்து 'அப்பா, கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்'னா. 'நடுவுல இருந்தாத்தான் அழகு'ன்னேன். மூணாவது தடவை 'அப்பா'ன்னா, அதுக்குள்ள மெஷினை ஆன் பண்ணிட்டேன். சுவரு ஒண்ணும் சொல்லல. பொண்ணு சொன்னா. நான் சுவரை மட்டும்தான் கேட்டேன்.

சத்தம் கேட்டுக் கூட்டம் கூடிடுச்சு. கூட்டத்தைப் பாத்தா எனக்கு வாய் சும்மா இருக்குமா? பால்காய்ப்பு மறந்து போச்சு, டெமோ ஆரம்பிச்சுட்டேன். 'பாருங்க, அமுக்காம விடுறேன். பாருங்க, வெளிய இழுத்துத் தூளைத் தள்ளுறேன்.' தொளதொளன்னு துணி போட்டுக்கிட்டு மெஷினைத் தொடக் கூடாதுன்னு சொல்றவன் நான், தோள்ல அங்கவஸ்திரம் தொங்குது. கண்ணுக்கு மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், ஏன்னா அதுலதான் கம்பெனி பேரு இருக்கு. ஆழத்துக்கு டேப் ஒட்டல, நமக்கு எதுக்கு, கையிலேயே கணக்கு இருக்கே. ஒரு இன்ச் போச்சு, ஒண்ணரை போச்சு. அப்பத்தான் பிட்டு சடக்குனு உள்ள வழுக்கிச்சு.

இருபத்தாறு வருஷத்துல அது என்னன்னு கைக்குத் தெரியாதா? பிளாஸ்டிக் பைப். அந்த நேரத்துல என்ன பண்ணணும்? மெஷினை நிறுத்திட்டு, பிட்டை அப்படியே குத்தினபடி விட்டுட்டு, மாடியில வால்வை அடைக்கச் சொல்லணும். பிட்டே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும். இதையும் நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்குறேன். ஆனா முப்பது பேர் பாக்குறாங்களே. சிரிச்சுக்கிட்டே வெளிய இழுத்தேன்.

குளித்தலை வந்துடுச்சு. என்ன சார் எந்திரிக்கிறீங்க, டீக்கா? இங்க ரெண்டு நிமிஷம்கூட நிக்க மாட்டான். கீழ நிக்கிற கூட்டத்தைப் பாருங்க, நீங்க எந்திரிச்சா எடம் போச்சு. உக்காருங்க, உக்காருங்க. வேணும்னா என்கிட்ட தண்ணி இருக்கு. நல்ல கட்டத்துல விட்டுட்டுப் போனா எப்படி? பாத்தீங்களா, வண்டியை எடுத்துட்டான்.

தண்ணி பீச்சி அடிச்சுது சார். மொதல்ல என் மூஞ்சி, அப்புறம் சேலத்து அத்தையோட பட்டுப் புடவை, அதைத் தாண்டி நேரா அடுப்பு. பால் அப்பத்தான் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்துச்சு. பொங்குறதுக்கு ஒரு மூச்சு பாக்கி. புஸ்ஸுன்னு அடுப்பு அணைஞ்சு போச்சு. பொங்க வந்த பால் அப்படியே உள்ள எறங்கிடுச்சு.

அத்தை 'மொத அடுப்பு அணைஞ்சு போச்சே'ன்னாங்க. சுகந்தி அம்மா கண்ணாடியைக் கழட்டி முந்தானையால தொடச்சாங்க. நான் ஓட்டையை உள்ளங்கையால பொத்திக்கிட்டு நிக்கிறேன். தண்ணி முழங்கை வழியா எறங்கி வேட்டி எல்லாம் நனையுது. அப்பவாவது வாயை மூடினேனா? 'பயப்படாதீங்க, இது சாதாரண பிரஷர்தான்'னு விளக்கம் சொல்றேன். மனசுக்குள்ள மட்டும் ஒண்ணு ஓடிச்சு. என் பொண்ணு வாழ்க்கையில நானே ஓட்டை போட்டுட்டேன்.

சிந்துஜா யாரையும் எதையும் கேக்கல. மொதல்ல மெஷினோட பிளக்கைப் புடுங்கினா. கரெண்டும் தண்ணியும் ஒண்ணா இருக்குன்னு அவளுக்குத்தான் தோணிச்சு. அப்புறம் புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு மாடிக்கு ஓடினா. கொஞ்ச நேரத்துல தண்ணி நின்னுச்சு. எறங்கி வந்தா, அடுப்பைத் தொடச்சா, பாத்திரத்தைக் கழுவினா, புதுப் பாலை ஊத்திப் பத்த வெச்சா. பொங்குற வரைக்கும் பக்கத்துலேயே நின்னா. பொங்கிச்சு.

சுகந்தி அம்மா பால் பொங்கினதைப் பாக்கல, பொண்ணையே பாத்தாங்க. 'மாடியில ஆறு வால்வு இருக்கு. கட்டினவ நான், எனக்கே எது எதுக்குன்னு தெரியாது. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?' சிந்துஜா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. மாப்பிள்ளைப் பையன் மேல நிமிந்து ஃபேன் மாட்டுற கொக்கியைப் பாத்துக்கிட்டு நின்னாரு, ஃபேனே இன்னும் மாட்டல. நான்தான் முன்னால வந்து, 'எல்லாம் நான் கொடுத்த டிரெயினிங்குங்க'ன்னேன். அந்தம்மா என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க சார். அவ்வளவு நேரம் கழிச்சு அப்பத்தான் சிரிச்சாங்க. 'ஆமாமா, உங்க டிரெயினிங்தான்'னுட்டு, அத்தை பக்கம் திரும்பி, 'தட்டு மாத்த ஒரு நல்ல நாள் பாருங்க அத்தை'ன்னாங்க.

இது வரைக்கும் நான் எல்லாருக்கும் சொல்ற கதை. டெமோவுலகூடச் சொல்வேன். இதுக்கு மேல இருக்கறதை மங்கைகிட்டகூடச் சொன்னது இல்ல.

மத்தியானம் பிளம்பர் வந்தாரு. முழுச் சுவரையும் ஒடைக்காம இருக்க பைப்பு எங்க வளையுதுன்னு தெரியணும்னாரு. சிந்துஜா போன்ல ஒரு போட்டோவை எடுத்து என் கையில கொடுத்தா, 'இதைக் காட்டுங்கப்பா, நான் பந்தி பாக்கணும்'னு போயிட்டா. அதே சுவரு, பூசுறதுக்கு முன்னாடி. செங்கல், வெள்ளைப் பைப்பு, பக்கத்துல அளவு டேப்பைப் புடிச்சு எடுத்திருக்கு. ஓரத்துல நந்தகுமார் தலையெல்லாம் சிமெண்டுத் தூளோட உக்காந்து சிரிக்கிறாரு. அவரு மடியில ஒரு டிபன் பாக்ஸ். எவர்சில்வர். மூடியைச் சாய்ச்சு வெச்சிருக்காரு. விரலால பெருசாக்கிப் பாத்தேன்.

ப. கலியமூர்த்தி.

துறையூர்க்காரர் எடுக்கல சார். நான் ஜாதகக் கட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுக்கிட்டு இருந்தப்பவே, என் டப்பாவுல அந்தப் பையனுக்குச் சோறு போயிருக்கு. ஜாதகத்தை மேல மேல எடுத்து வெச்சது எந்தக் கடவுள்னும் அப்பத்தான் புரிஞ்சுது. வலிச்சுது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். எங்கிட்ட ஏன் மறைக்கணும்? நான் என்ன வெட்டவா போறேன்? அந்தச் சுகந்தி அம்மாவுக்கு அரை நிமிஷத்துல புரிஞ்சது, பெத்தவனுக்குப் பெருமை பேசவே நேரம் சரியா இருந்திருக்கு. போட்டோவைத் திரும்பச் சின்னதாக்கி, 'பைப்பு இங்கதான் வளையுது'ன்னு பிளம்பருக்குக் காட்டினேன். போனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஒரு வார்த்தை கேக்கல. என் ஆயுசுல நான் சொல்லாம வெச்சிருந்தது அது ஒண்ணுதான். இன்னிக்கு உங்ககிட்டச் சொல்லிட்டேன், உங்க மொகராசி அப்படி.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. தையில நடந்துச்சு, பந்தியில மட்டும் எத்தனை எலை தெரியுமா... சரி, அது எதுக்கு. போன மாசம் காட்டூர் போயிருந்தேன். அந்த ஓட்டையைப் பூசின எடத்துல மட்டும் பெயிண்டு அடிக்காம விட்டு வெச்சிருக்காங்க அந்தம்மா, வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு. என் கடிகாரம் வேற சுவர்ல தொங்குது, மாப்பிள்ளை பசை போட்டு ஒட்டுற கொக்கியில மாட்டியிருக்காரு. ஓட்டையே போடல. கிளம்புறப்ப சிந்துஜா எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தா, பிளாஸ்டிக் டப்பாவுலதான். அந்த எவர்சில்வரை இன்னும் வெளிய எடுக்கல, நான் பாத்துடுவேன்னு பயம். அப்ப வாய் சும்மா இருக்காம, 'அன்னிக்கு நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா'ன்னேன்.

'சொல்ல வந்தேன்பா. எத்தனையோ தடவை சொல்ல வந்தேன்'னா. 'நீங்க மெஷினை ஆன் பண்ணிட்டீங்க.'

பைப்பைப் பத்தித்தான் சொல்றாளா, வேற எதையாவதான்னு நான் கேக்கல. கண்ணு கலங்கிடுச்சு, தூசின்னு சொல்லித் தொடச்சுக்கிட்டேன். அன்னியிலேர்ந்து ஒரு முடிவு பண்ணியிருக்கேன் சார். யாராவது பேச வந்தா நம்ம வாயை மூடிக்கிட்டு மொதல்ல அவங்க சொல்றதைக் கேக்கணும். டெமோவுலயும் அதைச் சேத்துட்டேன், தனியா பத்து நிமிஷம் அதைப் பத்தியே பேசுறேன்.

அட, லாலாப்பேட்டையே தாண்டிட்டோம் போல. ஆமா, நீங்க ஏறினதுலேர்ந்து என்னமோ சொல்ல வந்துக்கிட்டே இருந்தீங்களே, என்ன சார் அது?

குளித்தலையா? உங்க எடம் குளித்தலையா? ஒன்பது மணிக்குப் பாலா?

அடடா. மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்.